கேட்குதுன்னா எழுந்து வாங்க!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். 'பௌத்த தியானம் கைகூடுவது முகாமிலா, அன்றாட வாழ்விலா?' அன்றாட வாழ்வில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேசியது போக மிச்ச நேரம்தான் எனக்கு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா ஒரு குத்து விட்டார். "பாத்திரம் கழுவுவதே தியானம் என்கிறார்களே, அப்படியென்றால் என் வீட்டுக்காரம்மா இந்நேரம் ஞானி ஆகியிருக்கணுமே!" என்றார். அரங்கமே கைதட்டியது. பெண்கள் பக்கம் மட்டும் ஒரு கை எழவில்லை, நான் பார்த்தேன்.

முதல் விஷயம், அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று இன்றைக்குத் தெரிந்துபோச்சு. சாட்சி தேவையில்லை, வாக்குமூலமே வந்துவிட்டது! அந்த அம்மா ஞானி ஆனாரோ இல்லையோ, ஐயாவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறாரே, பொறுமையில் பாதி தூரம் தாண்டிவிட்டார்.

இரண்டாவது, ஆகியிருக்கிறார்கள் ஐயா! அந்தக் காலத்துப் பிக்குணிகள், அதாவது பௌத்தப் பெண் துறவிகள், பாடிய பாட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், தேரிகாதை என்று பெயர். அதில் முதல் பாட்டைப் பாடிய பெண்ணின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. உரைக்காரர் அவள் கதையைச் சொல்கிறார். துறவு போக ஆசை, கணவன் விடவில்லை. ஒரு நாள் அடுப்படியில் தீ குபீரென்று எழும்பி, சட்டியில் இருந்தது கருகிப்போனது. நாமாக இருந்தால் முதலில் யாரைத் திட்டலாம் என்று தேடுவோம். அவள் பார்த்தாள். இதுதானே எல்லாவற்றுக்கும் கதி என்று பார்த்தாள். நின்ற இடத்திலேயே அநாகாமி நிலை. விடுதலைக்குப் போகிற நாலு படியில் மூணாவது படி! சட்டி இருந்தது, அடுப்பு இருந்தது. முகாம் எங்கே இருந்தது?

படாசாராவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், இரண்டு குழந்தைகள், பெற்றோர் என்று அடுத்தடுத்து எல்லாரையும் பறிகொடுத்துப் பித்துப் பிடித்துத் திரிந்தவள். பிக்குணி ஆன பிறகு ஒரு நாள் கால் கழுவுகிறாள். ஊற்றிய தண்ணீர் சரிவில் இறங்கிப் போவதைப் பார்க்கிறாள், மனசு அதிலே நிற்கிறது. அறைக்குள் போய் ஊசியால் விளக்குத் திரியை உள்ளே இழுக்கிறாள். விளக்கு அணைந்தது, விடுதலை கிடைத்தது. செய்த வேலை என்ன? கால் கழுவியதும் விளக்கை அணைத்ததும்.

புத்தருக்குக் கூடவே இருந்து பணிவிடை செய்த ஆனந்தர் கதை இன்னும் வேடிக்கை. புத்தர் மறைந்த பிறகு துறவிகளின் முதல் மாநாடு மறுநாள் ராஜகிருகத்தில் கூடுகிறது, இவர் இன்னும் அரகத்து, அதாவது முழு விடுதலை அடைந்தவர், ஆகவில்லை. ராத்திரி முழுக்க நடந்து நடந்து தியானம் செய்தார், நடக்கவில்லை. சரி, கொஞ்சம் படுப்போம் என்று சாய்ந்தார். கால் தரையை விட்டுவிட்டது, தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் முடிந்தது காரியம்!

முகாமே வேண்டாம் என்கிறீர்களா என்று நடுவர் பார்க்கிறார். இல்லை ஐயா. அங்கே கற்றதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்காதீர்கள் என்கிறேன்.

என் நண்பர் ஒருவர் பத்து நாள் முகாமுக்குப் போய் வந்தார். பர்மாவின் மகாசி சயடோ என்ற துறவி கற்றுக்கொடுத்த முறை. எது நடந்தாலும் மனசுக்குள் பெயர் சொல்லிக் குறிக்கணும். வயிறு எழும்பினால் 'எழுகிறது', இறங்கினால் 'தாழ்கிறது', காலை எடுத்தால் 'தூக்குகிறேன்', காதில் சத்தம் விழுந்தால் 'கேட்கிறது'. அருமையான பயிற்சி, நான் குறை சொல்லவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை, படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் புறப்பட்டார். தூக்குகிறேன்... நகர்த்துகிறேன்... வைக்கிறேன்... போய்ச் சேரவே ஒரு யுகம். உள்ளேயும் அதே நிதானம். வெளியே மகன் பள்ளிச் சீருடையோடு ஒற்றைக் காலில் தவம். மலஜலம் கழிக்கும்போதும் விழிப்போடு இரு என்று, விழிப்போடு கவனிப்பது பற்றிய சதிபட்டான சுத்தம் என்ற உரையில் புத்தர் சொன்னது உண்மை. அதே இடத்தில், உள்ளேயும் கவனி, வெளியேயும் கவனி என்றும் சொல்லியிருக்கிறார். வெளியே நின்றவனைக் கவனிக்க வேண்டாமா?

அப்புறம் கூடத்தில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். தொட்டிலில் கைக்குழந்தை வீறிட்டது. மனைவி அடுக்களையிலிருந்து, "என்னங்க, குழந்தை அழுறது கேட்குதா?" என்றார். இவர் கண்ணைத் திறக்காமல், "கேட்கிறது... கேட்கிறது..." என்றார்.

அந்த அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "கேட்குதுன்னா எழுந்து வாங்க!"

பின்வரிசையில் சரியாக விழவில்லையாமே? இன்னொரு தடவை சொல்கிறேன். நண்பர் என்னிடம் சொன்னது அது. அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது வேறு. அதன்படி, குழந்தை ஒரு அழுகைக்கும் இன்னொரு அழுகைக்கும் நடுவே மூச்சு வாங்குகிறதல்லவா, அந்த இடத்தில் தாளம் தப்பாமல் 'கேட்கிறது' விழுந்ததாம்! குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டு ஒரு கணம் அப்பாவைப் பார்த்ததாம். எனக்கு அந்த அம்மாவின் சாட்சியம்தான் நம்பிக்கையாக இருக்கிறது.

நடுவர் அவர்களே, நான் அரை மணி பேச வேண்டியதை அவர் மூணு வார்த்தையில் முடித்துவிட்டார்.

எதிரணிக்கு இன்னொன்று. நீங்கள் போற்றுகிற பத்து நாள் விபாசனா தியான முகாமை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் கோயங்கா. அவருடைய ஆசான் ஊ பா கின் மலையிலா இருந்தார்? ஆபீஸில் இருந்தார்! 1948இல் பர்மா விடுதலை அடைந்த அன்று அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனவர். பதவியில் இருந்துகொண்டே 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். கோப்பும் மூச்சும் ஒரே மேஜையில். கோயங்காவும் முகாம் முடித்துப் போகிறவர்களிடம், வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார்.

புத்தரின் துறவிகள் தங்கிய மடத்திலேயே நடந்தது ஒன்று. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலஜலத்திலேயே கிடக்கிறார். சுற்றி இருந்த துறவிகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புத்தர் கேட்கிறார், "உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா?" "என்னால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அதனால் வருவதில்லை" என்கிறார் அந்தப் பிக்கு. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைமாட்டைப் புத்தர் பிடிக்க, கால்மாட்டை ஆனந்தர் பிடித்து, தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவன் நோயாளிக்குச் செய்யட்டும்."

அந்த நண்பரின் அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்து, "உங்கப்பா வந்தாச்சாடா?" என்பார். அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. முன்பெல்லாம் இவர் எரிந்து விழுவார், "அப்பா செத்துப் போயிட்டாரும்மா!" என்று. அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அழுவார்.

இப்போது எரிச்சல் நெஞ்சில் கிளம்பும்போதே தெரிகிறதாம் நண்பருக்கு. நாக்குக்கு வருவதற்குள் பிடித்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை முதல்ல எங்கம்மா பார்த்தே?" என்று கேட்கிறார். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறாராம். தினமும்.

இது வாதமே இல்லை என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும் ஐயா. ஒரு சாயங்காலம் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.