‘வேண்டாம்’ என்று சொல்லாத ஊரில்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

தாய்லாந்தின் பாங்காக் நகரில் சீலோம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நான் குடியிருக்கிறேன். நகை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. 2012-ல் அங்கே போனேன். போய்ச் சேர்ந்த வருடமே ஒரு பழைய நிக்கான் கேமரா வாங்கினேன். அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்றால் தெருவில்தான் இருப்பேன். விடுமுறைக்கு வந்திருக்கும் என்னை, அந்த ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, என் சந்து முனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த முனையில் ஓர் அம்மா தள்ளுவண்டியில் சோம் தாம் விற்கிறார். பச்சைப் பப்பாளிக்காயோடு பூண்டு, மிளகாய், பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாறு, காய்ந்த இறால், வேர்க்கடலை எல்லாம் சேர்த்து மண் உரலில் இடித்துத் தருவதுதான் சோம் தாம். காயை அவர் துருவியில் துருவுவதில்லை. இடது உள்ளங்கையில் காயை ஏந்திக்கொண்டு வலது கைக் கத்தியால் அதன்மேல் நெருக்கமாகக் கொத்துவார். அப்புறம் மேலோட்டமாக ஒரு சீவு. நூல் நூலாக உரலில் விழும். இடிக்கத் தொடங்குமுன் அவர் கேட்கும் ஒரே கேள்வி, “மிளகாய் எத்தனை?”

அவரை நான் ‘பா’ என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூத்த சகோதரியை அழைக்கும் சொல் அது. நம் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மூத்தவர் ‘பீ’, இளையவர் ‘நோங்’, பெரியப்பா வயதுக்காரர் ‘லுங்’. கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லோருக்கும் ஏதாவது ஓர் உறவுமுறை உண்டு. வயது தெரியாமல் முறை சொல்ல முடியாதே. அதனால் அறிமுகமான கொஞ்ச நேரத்திலேயே வயதைக் கேட்டுவிடுவார்கள். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதுதான் அங்கேயும் நலம் விசாரிக்கும் முறை. ஊரை விட்டு வந்துவிட்டோம் என்ற ஏக்கம் எனக்குப் பாதியாகக் குறைந்தது இந்த இரண்டு விஷயங்களால்தான்.

பா இடிக்கும்போது நான் நிறையப் படம் எடுத்தேன். இரண்டு வருடத்தில் நாற்பது, ஐம்பது இருக்கும். கேமராவைத் தூக்கினால் போதும், சிரிப்பார். ‘புன்னகை தேசம்’ என்று அந்த நாட்டைச் சுற்றுலா விளம்பரங்களில் சொல்வார்கள் இல்லையா, நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

ஒருநாள் சந்து முனையில் நிற்கும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஆரஞ்சு நிற மேல்சட்டையில் எண் போட்டுக்கொண்டு, வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருப்பவர்களில் ஒருவர். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் ‘பீ’. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நோங், பாவுக்கு வேலைச் சட்டையோடும் வேர்வையோடும் படம் எடுப்பது பிடிக்கவில்லை. உங்களிடம் சொல்ல அவருக்குக் கிரெங் ஜாய்.”

அன்று இரவு அந்தப் படங்களை எல்லாம் மறுபடி திறந்து வரிசையாகப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் முகம் கொஞ்சம் திரும்பியிருந்தது. பாதிப் படங்களில் இடது கை தலைமுடியை ஒதுக்கப் போகிறது. சிரிப்பு இருக்கிறது, கண் உரலுக்குள் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை.

கிரெங் ஜாய் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘ஜாய்’ என்றால் நெஞ்சு, மனம். ‘கிரெங்’ என்றால் அஞ்சுவது. பிறர் மனதுக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்று அஞ்சித் தன்னைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்வது. நம்மிடம் முகதாட்சண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது. முதலில் அதுதான் இது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முகதாட்சண்யத்துக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். முகத்தைப் பார்த்துவிட்டால் மறுக்க முடியாது, அந்தப் பக்கம் போய்விட்டால் சரியாகிவிடும். கிரெங் ஜாய்க்கு ஆள் எதிரே இருக்க வேண்டியதில்லை. தூங்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காக மெதுவாகக் கதவைச் சாத்துவதும், உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு முன்னால் போகும்போது தோளைக் குனிந்துகொண்டு போவதும் அதில் அடக்கம்.

அந்த மொழியில் பல உணர்ச்சிகளுக்குப் பெயர் இந்த ‘ஜாய்’ என்ற சொல்லை ஒட்டித்தான் அமைகிறது. நிதானமாக இருப்பவருக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கிறது, அவசரப்படுகிறவருக்குச் சூடாகியிருக்கிறது. பிறருக்கு வலியப் போய் உதவுகிற குணத்தை ‘நாம் ஜாய்’ என்பார்கள். ‘நாம்’ என்றால் தண்ணீர். நெஞ்சின் நீர். நெஞ்சில் ஈரம் உள்ளவர் என்று நாம் சொல்கிறோமே, அதேதான்! ஒருநாள் சோறு வாங்கப் போன இடத்தில் இந்தச் சொல் காதில் விழுந்தபோது, இரண்டு மொழியும் ஒரே கிணற்றில் இறைத்த மாதிரி எனக்கு இருந்தது.

அந்த ஈரத்தை நான் மொத்தமாகப் பார்த்தது 2016-ல். அக்டோபர் 13 அன்று அரசர் பூமிபோல் காலமானார். 70 ஆண்டு ஆட்சி செய்தவர். அவருக்கே புகைப்படத்தில் பெரிய ஈடுபாடு. கழுத்தில் கேமராவோடு அவர் கிராமங்களில் நடக்கும் படம் அங்கே வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும். மறுநாளே ஊர் கறுப்பு உடைக்கு மாறியது. கறுப்புச் சட்டை கிடைக்காதவர்களுக்காகத் தெருவோரத்தில் அண்டா வைத்துச் சாயம் காய்ச்சி, கொண்டுவந்த துணியை எல்லாம் இலவசமாகத் தோய்த்துக் கொடுத்தார்கள். அரண்மனைப் பக்கம் போகிறவர்களை மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அழும் முகங்களை நான் படம் எடுக்கவில்லை. சாயம் கிண்டிய ஒரு பையனின் கைகளை, அவனைக் கேட்டு, எடுத்தேன். முழங்கை வரை கறுப்பு. நகக்கண்ணில் ஏறிய அந்தக் கறுப்பு போகப் பல நாள் ஆகியிருக்கும்.

காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிட்டால் இன்னொன்று கிடைக்கும். துறவிகள் காவி உடையில் வெறுங்காலோடு பிச்சைப் பாத்திரம் ஏந்தி வருவார்கள். சந்தையில் இதற்கென்றே சோறும் குழம்பும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் காத்திருக்கும். பையில் குழம்பை ஊற்றி, காற்றை அடைத்து, பந்து போல் உப்பவைத்து, ஒரு ரப்பர் வளையத்தைச் சுண்டி இழுத்து முறுக்கிக் கட்டுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. உணவு இடுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். துறவி வெறும் தரையில் நிற்கும்போது தான் ஒரு செருப்பளவு கூட உயரத்தில் நிற்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். துறவி நன்றி சொல்வதில்லை. கொடுத்தவர் கைகூப்பி மண்டியிட, அவர் ஆசி மந்திரம் ஓதிவிட்டு நகர்ந்துவிடுவார். கொடுக்க வாய்ப்புக் கிடைத்ததற்குக் கொடுத்தவர்தான் கடமைப்பட்டவர்! நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, நடைபாதையில் தனியாகக் கிடக்கும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பக்கத்தில் மண்டியிட்டவரின் உள்ளங்கால் மட்டும் தெரியும்.

எல்லாமே இப்படி அழகு என்று சொல்லிவிட்டுப் போனால் அது உண்மையாக இருக்காது. கிரெங் ஜாய் எல்லோருக்கும் ஒரே கனத்தில் இல்லை. இளையவருக்கும் ஏழைக்கும் அதிகம், மூத்தவருக்கும் பணக்காரருக்கும் கொஞ்சம். அலுவலகத்தில் மேலாளர் போட்ட கணக்கில் தப்பு இருப்பது தெரிந்தும், சுட்டிக்காட்டத் தயங்கி மாதக் கடைசி வரை வாயைத் திறக்காமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 2014-க்குப் பிறகு பாங்காக்கில் பல நடைபாதைகளிலிருந்து உணவுக் கடைகள் அகற்றப்பட்டன. பாவும் அதற்கு முன் பெரிய சாலையில் கடை போட்டிருந்தவர்தான். சந்துக்குள் வந்தபின் வியாபாரம் குறைந்துபோனது. அதைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை, பீ சொல்லித்தான் தெரியும். 2020-ல் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கியபோது, தலைமுடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்ற பள்ளி விதியைக்கூடக் கேள்வி கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பண்பு என்று எங்களுக்குச் சொல்லாதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் அடியில் இருந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆகவே என்னைப் போன்ற வெளியூர்க்காரன் அங்கே கேமராவைத் தூக்குவது சாதாரணக் காரியமில்லை. இந்தியர்களை அங்கே ‘கேக்’ என்பார்கள். விருந்தாளி என்பதும் அதே சொல்தான். சீலோமில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கே ‘வாட் கேக்’ என்றுதான் பெயர். விருந்தாளியிடம் யார் வேண்டாம் என்பார்கள்? தனிமனிதர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2022 ஜூன் 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் படங்களை அது தடுக்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை, எதிரே இருப்பவரும் தடுக்க மாட்டார். அப்படியானால் எங்கே நிறுத்துவது என்பதை முழுக்க முழுக்க நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தோள் திரும்புகிறதா, கை முடிக்குப் போகிறதா, சிரிப்பு அளவுக்கு மேல் நீள்கிறதா? பார்த்தால் தெரியும். தெரிந்தால் கேமரா கீழே இறங்கிவிட வேண்டும்.

பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். “உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் எடுக்கலாமா?” என்றேன். பௌர்ணமி அன்று கோயிலுக்குப் போய்விட்டு வருவேன், அப்போது வா என்றார். அன்று ஊதா நிறப் பட்டுப் பாசின் உடுத்தியிருந்தார். இடுப்பில் சுற்றும் நீளப் பாவாடை அது. அவர் ஊரான ரோய் எட்டில் நெய்தது, அம்மா கொடுத்தது. உதட்டில் சாயம். வண்டியைத் துடைத்து உரலைக் கவிழ்த்து வைத்திருந்தார். கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றார். கண் நேரே லென்சில். சிரிக்கவில்லை.

1863-ல் பாங்காக்கில் ஸ்டூடியோ தொடங்கிய பிரான்சிஸ் சிட் என்ற சயாம் நாட்டுப் (தாய்லாந்தின் பழைய பெயர்தான் சயாம்) புகைப்படக்காரரின் காலத்துப் படங்களைப் பார்த்திருக்கிறேன். அரச மாளிகையின் பழைய கண்ணாடித் தகட்டுப் படத் தொகுப்பை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் காலத்துப் படங்களில் அநேகமாக யாரும் சிரிப்பதில்லை. தகட்டில் வெளிச்சம் படிய நேரம் எடுக்கும், அசையக் கூடாது என்பது ஒரு காரணம். ஆனால் பா நின்ற நிற்பும் அதேதான். அவருக்கு அசையக் கூடாது என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்து நின்றார்.

படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். அந்த ஏப்ரலில் சோங்க்ரானுக்கு அது ரோய் எட்டுக்குப் போனது. சோங்க்ரான் என்பது சங்கராந்தி, நம் சித்திரைப் பிறப்பையொட்டி வரும் அவர்களுடைய புத்தாண்டு. தண்ணீர்த் துப்பாக்கிகளைத்தான் உலகம் பார்க்கிறது. அந்த வாரத்தில் பாங்காக்கில் பாதிக் கடை பூட்டியிருக்கும். வேலைக்கு வந்தவர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போய், பெற்றோர் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். திரும்பி வந்த பா, படம் அம்மா வீட்டில் மாட்டியாயிற்று என்று சொல்லி, எனக்கு ஒட்டும் அரிசிச் சோறு இரண்டு பொட்டலம் கூடுதலாகக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கடைசியாக ஒன்று. பாங்காக்கில் சேன் சேப் என்றொரு கால்வாய் உண்டு. சாலை நெரிசலுக்குப் பயந்து அலுவலகம் போகிறவர்கள் அதில் ஓடும் நீளப் படகுகளில் போவார்கள். ஹெல்மெட் போட்ட நடத்துனர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார். தண்ணீர் கறுத்து நாறும். எதிரே இன்னொரு படகு வந்தால் அலை மேலே தெறிக்கும். அதற்காகப் பக்கவாட்டில் தார்ப்பாய் இருக்கும், கயிற்றை இழுத்தால் உயரும். ஓர இருக்கையில் இருப்பவர்கள்தான் இழுக்க வேண்டும். துறை வந்தால் ஏறுகிறவர்களுக்காக இறக்க வேண்டும். யாரும் யாரையும் சொல்வதில்லை.

காட்சி நன்றாகத் தெரியும் என்று நான் எப்போதும் ஓர இருக்கையில்தான் உட்காருவேன். ஒருநாள் மாலை, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் இருந்தேன். எதிரே படகு வந்தது. பின் வரிசையில் இருந்த பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி, என் தோளில் இடிக்காமல் உடம்பை வளைத்து, கையை நீட்டி என் பக்கத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். அலை தார்ப்பாயில் அடித்து இறங்கியது. துறை வரும்வரை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். சிரித்தாள்.

அந்தக் கயிறு பிடிக்கும் கைகளை மட்டும் நான் இன்றுவரை படம் எடுத்ததில்லை. இப்போதும் ஓர இருக்கைதான். கேமரா பைக்குள் இருக்கும், கை கயிற்றில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.