ஸ்லீவ் செய்தும் எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, பிசிஓஎஸ்தான் காரணமா?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வயது 29, உயரம் 158 சென்டிமீட்டர், பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. 108 கிலோ எடையோடு, இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டார். ஐந்து மாதம் ஆகிறது, இப்போது 91 கிலோ. “என்னோடு அதே வாரம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு 30 கிலோ குறைந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? நீர்க்கட்டிதான் காரணமா? பேசாமல் பைபாஸ் ஆக மாற்றிக்கொள்ளட்டுமா?” என்று கேட்கிறார். பைபாஸ் என்று அவர் சொல்வது இதய ஆபரேஷன் அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு ஆபரேஷன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவுகோல்) 25 என்றால் எடை சுமார் 62 கிலோ. ஆக, கூடுதலாக இருந்தது 46 கிலோ. அதில் 17 போய்விட்டது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் ஆரம்ப எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும். உங்களுக்கு அது 27 கிலோ. கொஞ்சம் பின்னால் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த இன்னொருவர் எத்தனை கிலோவில் தொடங்கினார், ஆணா பெண்ணா என்று நீங்கள் சொல்லவில்லை. 150 கிலோவில் தொடங்கியிருந்தால் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு எடை போயிருக்கிறது, உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

சரி, பிசிஓஎஸ்ஸுக்கு வருவோம். இதில் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அது கொழுப்பைச் சேர்த்துவைக்கும், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனையும் கூட்டும். முகத்தில் முடி, மாதவிலக்குத் தள்ளிப்போவது எல்லாம் அதனால்தான். ஆனால் பிசிஓஎஸ் இருப்பவர்கள், இல்லாதவர்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் எடை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் குறைந்திருக்கிறது. அதனால் எல்லாப் பழியையும் நீர்க்கட்டி மேல் போட நான் தயாராக இல்லை. போட்டுவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

நான் முதலில் கேட்பது, நீங்கள் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம், மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். அது கெட்டியான சாப்பாட்டைத்தான் தடுத்து நிறுத்தும். கோழித்துண்டு நாலைந்து தின்றாலே போதும் போதும் என்றிருக்கும். ஆனால் குழையப் பிசைந்த தயிர்சாதம், டீயில் தோய்த்த ரஸ்க், சத்துமாவுக் கஞ்சி, ஜூஸ், ஐஸ்கிரீம், இதெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் மறுபடியும் இடம் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் திரவம், பிறகு மசித்தது என்று சொல்லி அனுப்புவது நாங்கள்தான். பலர் அந்த மசித்த சாப்பாட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். கெட்டியாகச் சாப்பிட்டால் நெஞ்சில் நிற்குமோ என்ற பயம். அப்புறம் டீ. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு நாலு டம்ளர் என்றால் சர்க்கரை மட்டுமே முப்பது நாற்பது கிராம். கேட்டால், “நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை டாக்டர்” என்பார்கள். பொய் சொல்வதில்லை, டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது புரதம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். காலையில் இரண்டு இட்லி சாம்பார், மதியம் கொஞ்சம் தயிர்சாதம், ராத்திரி கஞ்சி. வயிறு நிறைந்துவிடும், புரதம் 20 கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு. புரதம் பற்றாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தசை குறைந்தால் உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும், எடை அப்படியே நின்றுவிடும். அதனால் தட்டில் முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் இவற்றில் ஒன்றை முதலில் சாப்பிடுங்கள், சாதம் கடைசியில். தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நடைப்பயிற்சி மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், சின்ன டம்பெல்ஸ் போதும்.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து நீங்களாகவே நிறுத்திவிட்டீர்களா? ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்றவை எடையைப் பிடித்துவைக்கும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச், மூன்று மாதச் சர்க்கரை, பி12, வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பு) பார்த்துவிடுங்கள். தைராய்டு மாத்திரையையும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் சேர்த்துப் போடக்கூடாது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. மாதவிலக்கு ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டதா? எடைக்கருவியைவிட எனக்கு அந்தப் பதில்தான் முக்கியம். 2024இல் லான்செட் இதழில் பாம்பினி என்ற பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. பிசிஓஎஸ் உள்ள 80 பெண்கள், பாதிப் பேருக்கு ஸ்லீவ், பாதிப் பேருக்கு மருந்தும் உணவு ஆலோசனையும். ஒரு வருடத்தில் ஸ்லீவ் செய்தவர்களுக்குக் கருமுட்டை வெளியானது இரண்டரை மடங்கு அதிகம். அதாவது எடை மெதுவாக இறங்கும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘எனக்குத்தான் நீர்க்கட்டியாயிற்றே, எங்கே கரு தங்கப்போகிறது’ என்று அசட்டையாக இருக்கும்போதுதான் தங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம். எடை வேகமாகக் குறையும் காலத்தில் தாய்க்கே சத்துப் பற்றாது. வீட்டில் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள், தெரியும். அவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் சொல்கிறோம். கருத்தடைக்கு என்ன செய்வது என்று மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள். வாந்தி இருந்தாலோ, பைபாஸ் செய்திருந்தாலோ மாத்திரையை நம்புவதைவிடக் காப்பர்-டி போன்றவை நல்லது.

பைபாஸ் பற்றிய பேச்சு ஐந்தாவது மாதத்தில் எடுக்கவே கூடாது. முழுப் பலன் தெரிய ஒன்றரை வருடமாவது ஆகும். அதற்குப் பிறகும் திருப்தி இல்லை என்றால், முதலில் எண்டோஸ்கோப்பி செய்து குழாய் விரிந்திருக்கிறதா என்று பார்ப்போம், எடை குறைக்கும் ஊசி ஒத்துவருமா என்று யோசிப்போம். கடும் நெஞ்செரிச்சல் இருந்தால் மட்டும் கதை வேறு, அதற்காக மாற்றுவது உண்டு.

முடி கொட்டுகிறது என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் நிறையப் பேருக்குக் கொட்டும், பிறகு முளைத்துவிடும்; ஃபெரிட்டினையும் புரதத்தையும் மட்டும் கவனியுங்கள். ஒரு வாரம் சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும், டீ உட்பட, எழுதிக்கொண்டு உங்கள் டயட்டீஷியனிடம் போங்கள். சரி, அடுத்த கேள்வி, சர்க்கரை நோய் உள்ள ஒரு ஐயா கேட்டிருக்கிறார்.