இருமுறை பறிகொடுத்தவர்

வணக்கம் நேயர்களே. ஜான் ஃபோர்ட் இயக்கி 1956இல் வெளிவந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸில் கொமான்சி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் தூக்கிச் சென்ற டெப்பி என்ற சிறுமியை, அவளுடைய அப்பாவின் சகோதரர் ஈதன் வருடக்கணக்காகத் தேடி அலைகிறார். அந்த வேடத்தில் ஜான் வெய்ன். அவளைக் கண்டால் கொன்றுவிடும் வெறியும் அவருக்குள் இருக்கிறது. கடைசியில் மனம் மாறி அவளைத் தூக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம், டெப்பி" என்கிறார். அத்தோடு கதை முடிந்த மாதிரிதான்.

இந்தக் கதைக்குப் பின்னால் சிந்தியா ஆன் பார்க்கர் என்ற பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. அவருக்குப் பெரிய துயரம் வீடு திரும்பிய பிறகுதான் வந்தது.

1836 மே 19 அன்று, டெக்சாஸில் அவருடைய குடும்பம் வாழ்ந்த பார்க்கர் கோட்டையைக் கொமான்சிகள் உள்ளிட்ட பழங்குடியினர் தாக்கினார்கள். தந்தை கொல்லப்பட்டார். சிந்தியாவைத் தூக்கிச் சென்றார்கள்; அவருக்கு அப்போது வயது ஒன்பது இருக்கும். அதே தாக்குதலில் மகளையும் பறிகொடுத்த ஜேம்ஸ் பார்க்கர் என்ற உறவினர் பல ஆண்டுகள் தேடினார். மகள் மீட்கப்பட்டாள், சிந்தியா கிடைக்கவில்லை. அவர் கொமான்சியாகவே வளர்ந்து, பீட்டா நொகோனா என்ற தலைவரை மணந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார்.

1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் இருந்த கொமான்சி முகாமை டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற அம்மாநில ஆயுதப் படையினர் தாக்கினார்கள். பிடிபட்டவர்களில் நீலக்கண் கொண்ட ஒரு பெண்ணும் இருந்தார், இடுப்பில் கைக்குழந்தையோடு. அவர்தான் சிந்தியா. டெக்சாஸ் அரசு நிலம் கொடுத்தது, உதவித்தொகையும் அறிவித்தது. அவருக்கு வேண்டியதோ தன் இரண்டு மகன்கள். பலமுறை தப்பி ஓடப் பார்த்தார், திரும்பப் பிடித்து வந்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றில், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு குழந்தைக்குப் பாலூட்டுகிறார். கொமான்சிகளிடம் முடியை வெட்டுவது துக்கத்தின் அடையாளம். சில வருடங்களில் அந்தக் குழந்தையும் நோயில் போய்விட்டது. மகன்களை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

மூத்த மகன் குவானா, தோல் வேட்டைக்காரர்கள் காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்துப் பசி நெருக்கிய காலத்தில், 1875இல் அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார். அப்புறம் தாயின் குடும்பப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, குவானா பார்க்கர் என்று வாழ்ந்தார். 1910இல் தாயின் எலும்புகளைத் தேடி எடுத்துவந்து ஓக்லஹோமாவில் அடக்கம் செய்தார்.

ஃபோர்டின் படம் பெரிய படம்தான். வெறுப்பு ஒரு மனிதனை எப்படித் தின்கிறது என்பதை அவ்வளவு துணிவாகக் காட்டிய வெஸ்டர்ன் அந்நாளில் அரிது. படம் எடுத்த இடம் டெக்சாஸ் புல்வெளி அல்ல, நவஹோ என்ற வேறொரு பழங்குடி மக்களின் மானுமென்ட் பள்ளத்தாக்கு. கொமான்சிகளாக வந்தவர்களில் பலரும் நவஹோக்கள். அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் டெப்பி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. நடுவில் ஒருமுறை, "இவர்கள்தான் என் மக்கள், நீங்கள் போய்விடுங்கள்" என்று தெளிவாகச் சொல்கிறாள். பிறகு ஓர் இரவில் உடனே சம்மதித்து வந்துவிடுகிறாள். ஏன் என்று படம் சொல்வதே இல்லை. மறுபடி பார்க்கும்போது ஈதனைக் கொஞ்சம் விட்டு, அவளைக் கவனித்துப் பாருங்கள். வணக்கம்.