பொறாமையை முகத்தில் தேடாதீர்கள்

அவையோர்க்கு வணக்கம்.

நம் சென்னையில் கட்டடம் ஒரு மாடி எழும்புமுன்பே திருஷ்டி பொம்மை ஏறிவிடுகிறது. ஆயுத பூஜை வந்தால் நடுத்தெருவில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வருகிற டூவீலரைச் சறுக்கவும் விடுகிறோம். நம்மைப் பார்த்து யாரோ எரிகிறார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. யார் என்று கேட்டால், "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்கிறோம். அப்படித் தெரியாது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முகக்குறிகளை ஆராய்ந்த பால் எக்மன் அடிப்படை உணர்ச்சிகளாகச் சொன்னவை ஆறு: கோபம், அருவருப்பு, பயம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு. பொறாமை அந்தப் பட்டியலில் இல்லை. தாழ்வு, ஏக்கம், எரிச்சல் மூன்றும் கலந்த சரக்கு அது. வெளியே தெரிந்தால் "இவனிடம் இல்லை", "இவன் மனசும் சரியில்லை" என இரட்டை அவமானம். அதனால் பொறாமைப்படுகிறவர் முந்திக்கொண்டு மறைக்கிறார். "முகத்தின் முதுக்குறைந்தது உண்டோ உவப்பினும் காயினும் தான்முந் துறும்" என்ற வள்ளுவர், முகம் முந்துவதாகச் சொன்னது உவப்புக்கும் வெறுப்புக்கும்தான். அழுக்காறாமை அதிகாரத்தின் பத்துக் குறளிலும் முகம் வருவதில்லை. அங்கே வருவது நடத்தை: பிறன் ஆக்கத்தைப் பேணாமை, கொடுப்பதைக் கண்டு பொறுக்காமை.

ஒரு விலக்கு உண்டு. உளவியலாளர்கள் மினா சிக்காரா, சூசன் பிஸ்க் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் பார்த்துப் பொறாமைப்படும் வகையினருக்குச் சிறு சங்கடம் நேர்ந்தபோது, பார்த்தவர்களின் கன்னத்தில் சிரிப்புத் தசை அசைந்தது. ஆனால் அதைப் பிடித்தது கண் அல்ல, கன்னத்தில் ஒட்டிய, தசை அசைவை அளக்கும் மின்முனை.

ஆகவே முகத்தை விட்டு நிலைமையைப் பாருங்கள். மனிதர் தம்மைப் போன்றவரோடுதான் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார் என்று உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். மார்கழி சீசனில் மதியக் கச்சேரி பாடுகிறவருக்கு மூத்த வித்வான் மேல் எரியாது. அதே குருவிடம் கற்று, அதே வயதில், மாலைக் கச்சேரிக்கு உயர்ந்துவிட்டவர் மேல் எரியும். அந்த மாலைப் பாடகர் அடையாறில் வீடு வாங்கினால்கூட அவ்வளவு உறுத்தாது. எரிவது பாட்டு விஷயத்தில்தான். ஆள் நெருங்கியவரா, விஷயம் அவருக்கு உயிரானதா என்ற இரண்டுக்கும் "ஆம்" வந்த பிறகே அடையாளம் தேடலாம்.

அடையாளம் தனியாக நின்றால் செல்லாது. வாழ்த்து தாமதமாக வந்தது, "நல்லாதான் இருந்துச்சு, ஆனா..." என்று இழுத்தார், வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதினார் என்பதெல்லாம் களைப்பாலும் கூச்சத்தாலும்கூட வரும். ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். வேறொருவர் ஜெயித்தபோது இவர் எப்படி வாழ்த்தினார்? உங்களுக்கே வேறு துறையில் நல்லது நடந்தபோது என்ன சொன்னார்? அங்கெல்லாம் தாராளம், இங்கே மட்டும் கஞ்சம் என்றால் கவனிக்கலாம். பேச்சைவிடச் செயலை நம்புங்கள்: விண்ணப்பக் கடைசித் தேதி, ஆள் தேவை என்ற தகவல், இவையெல்லாம் உங்களுக்கு மட்டும் வந்து சேராமல் போகின்றனவா?

பெரிய பிழை நம் பக்கம்தான் நடக்கிறது. நமக்குள் இருக்கும் பொறாமையை எதிராளி மேல் ஏற்றிப் படிக்கிறோம். அதைவிட மோசம், நியாயமான புகாரை "அவனுக்குக் காண்டு" என்று தள்ளிவிடுவது. பதவி உயர்வில் முறைகேடு என்று ஒருவர் சொன்னால், அந்தப் பதவிக்குப் போட்டியிடாதவர்களும் அதையே சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். சொன்னால் பொறாமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெயித்தவர் வாயில் இந்தச் சொல் வரும்போது நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்; அவருக்கு அதில் லாபம் இருக்கிறது.

பொறாமையிலும் இரண்டு வகை உண்டு என்று நெதர்லாந்தின் ஆய்வாளர் நீல்ஸ் வான் டி வென் குழு 2009-இல் காட்டியது: தானும் ஏறத் தூண்டுவது ஒன்று, ஏறியவரை இறக்கத் தூண்டுவது மற்றொன்று. இரண்டும் வலிக்கும், கேட்கிற கேள்வி வேறுபடும். முதல் வகையினர் "எப்படிப் பயிற்சி பண்ணினே?" என்று உங்களிடமே கேட்பார்கள். இரண்டாம் வகையினர் "யார் சிபாரிசு?" என்று உங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். அது ஒருமுறை காதில் விழுந்தால் விட்டுவிடலாம். மூன்று இடத்திலிருந்து வந்தால், அடுத்த வாய்ப்பு பற்றிய பேச்சை அவர் முன்னால் எடுக்காதீர்கள்.