நாற்பதுக்கு மேல் வரும் ஆஸ்துமா

நேயர்களுக்கு வணக்கம். நாற்பது வயதைத் தாண்டி முதல்முறையாக ஆஸ்துமா வந்தவர்கள் என்னிடம் கேட்பது, "சின்ன வயதில் எனக்கு இளைப்பே இருந்ததில்லையே டாக்டர், இது எப்போது போகும்?"

குழந்தைகளில் பலருக்கு வளர வளர விட்டுவிடும். பெரியவர்களை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பின்லாந்தில் செய்னாயோகி என்ற ஊரில், வளர்ந்த பிறகு ஆஸ்துமா வந்த 203 பேரை 12 ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். முழுக்க விட்டுப்போனது 6 பேருக்கு. ஆமாம், ஆறே பேர். பயந்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது, இன்னொரு பங்கினருக்கு ஓரளவு. போவது அபூர்வம், ஆனால் அடக்கி வைக்கலாம்.

எதைக் கொண்டு அடக்குவது? இங்கேதான் என் பழைய புலம்பல். என்னிடம் வந்த ஒரு தலைமையாசிரியை மூச்சு இறுகும்போது இழுக்கும் நீல இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திருப்பார். தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் பீரோ மேல் தூங்கும். ஏனம்மா என்றால், "பழகிப்போயிடும் டாக்டர்." கண்ணாடி தினமும் போடுகிறீர்களே என்றேன். "கண்ணாடி போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பயந்தது மருந்துக்கு அல்ல, சம்பந்தி வீட்டாருக்கு! பிறகு பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். காலையும் இரவும் இழுத்துவிட்டு வாய் கொப்பளித்துவிடலாம், யார் கண்ணிலும் படாது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயைத் தற்காலிகமாக விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுதலே 2019இல், நீலத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு என்ற பெயருக்கு மிரள வேண்டாம். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒன்று. நல்லாயிருக்கிறதே என்று இதை நிறுத்தியவர்கள்தான் நள்ளிரவில் ஆட்டோ பிடிக்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், நல்லாயிருப்பதே அதைப் போடுவதால்தான்.

புகைப்பவர்களுக்கு நுரையீரலின் திறன் இன்னும் வேகமாகக் குறையும். அதைத் தனியாகப் பேச நினைத்தேன், தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, ஒன்றே ஒன்று. பேக்கரி மாவு, ஸ்ப்ரே பெயின்ட் போன்ற வேலையில் இருப்பவர்களே, லீவு நாளில் மூச்சு லேசாகி, வேலைக்குப் போனதும் இறுகுகிறதா? டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வேலையால் வந்த ஆஸ்துமா என்றால், சீக்கிரம் கண்டுபிடித்து அந்தத் தூசியை விட்டு விலகுபவர்களுக்குத்தான் குணமாகும் வாய்ப்பு அதிகம். வணக்கம்.