உங்கள் கார் இறக்கை பெங்களூரில் என்ன வேலை செய்கிறது? வெத்துவேட்டு வண்டிகளின் முழுக் கதை

[காட்சி: பெங்களூரின் கார் உதிரிபாகத் தெரு, ஜே.சி. ரோடு. கடை வாசலில் வெள்ளை ஸ்விஃப்ட். டிக்கிக் கதவின் மேல் கறுப்பு இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் அளவு பார்க்கிறான்.]

பெங்களூரில் ஒரு காருக்கு இறக்கை மாட்டினால் எவ்வளவு வேகம் கூடும்? பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் கூடாது. இந்த ஸ்விஃப்ட் மாதிரி வண்டிக்குக் கொஞ்சம் கெடுதல்கூட உண்டு. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். பாதியில் ஓடிவிடாதீர்கள். ஒரு சைலன்சர் ரகசியத்தோடு கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிய பைக் ரேஸரின் கதை நடுவில் வருகிறது. நான் இந்த வீடியோ எடுத்ததே அதற்காகத்தான்.

வணக்கம் மக்களே. முதலில் பெயர் விஷயத்தை வேகமாக முடித்துவிடலாம். சத்தமும் ஸ்டிக்கரும் மட்டும் பலமாக இருக்கிற வண்டியை நம்மவர்கள் 'சீன் வண்டி' என்பார்கள், 'வெத்துவேட்டு' என்பார்கள். இங்கே கன்னட நண்பர்களுக்கு 'ஷோக்கி'. இங்கிலாந்தில் வண்டியில் ஒட்டும் கோடுகளுக்கு 'கோ ஃபாஸ்டர் ஸ்ட்ரைப்ஸ்' என்றே நக்கலாகப் பெயர். அமெரிக்காவில் 'ரைசர்'. அங்கே ஜப்பான் பைக்குகள் வந்து இறங்கிய காலத்தில், அரிசி சாப்பிடுகிறவன் வண்டி என்று மட்டம்தட்ட 'ரைஸ் பர்னர்' என்றார்கள். 1990களில் அது இறக்கையும் ஸ்டிக்கரும் ஒட்டிய சின்னக் கார்களின் தலையில் விழுந்தது. பிறகு யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். 'ரேஸ் இன்ஸ்பயர்ட் காஸ்மெடிக் என்ஹான்ஸ்மென்ட்' என்பதன் சுருக்கம்தான் 'ரைஸ்' என்று பூசி மெழுகினார்கள். மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற நாம் அந்த வார்த்தையைச் சொல்லி இன்னொருவரைக் கிண்டல் செய்வது அபத்தம். நான் வெத்துவேட்டு என்றே சொல்லப்போகிறேன்.

வரலாறு முடிந்தது. இறக்கைக்கு வருவோம்.

[காட்சி: இறக்கையின் கால் பகுதி, மிக அருகில்.]

"அண்ணா, ஓட்டை போடட்டுமா, டேப் போதுமா?" இந்தத் தெருவில் இறக்கை வாங்குகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. வண்டிக்காரருக்குத் தகட்டில் ஓட்டை போட மனசு வராது. பாதிப் பேர் டேப் போதும் என்பார்கள். பையன் துணியில் தின்னர் தொட்டுத் துடைக்கிறான். டபுள் சைட் டேப்பின் சிவப்புத் தாளை நகத்தால் கிளப்பி உரிக்கிறான். இறக்கையை வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறான். வேலை முடிந்தது. நூறு கிலோ அழுத்தம் தாங்க வேண்டிய பொருள் இப்போது டேப்பின் தயவில் நிற்கிறது.

ரேஸ் காரில் அந்த இறக்கை பொய் இல்லை. விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் காற்று அதைக் கீழே அழுத்தும். எடை கூடாமலே டயர் சாலையைக் கவ்விப் பிடிக்கும், வளைவில் வேகம் கூடும். 1956இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் என்ஜினியர் தன் போர்ஷே 550 மேல் இதை மாட்டிக்கொண்டு ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் வந்து இறங்கினார். பந்தய அதிகாரிகள் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்காவில் ஜிம் ஹால் செய்த சாப்பரல் 2ஈ காரில் இறக்கை ஆள் உயரத்துக்கு நின்றது. அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. சும்மா இருந்த இடது காலுக்கு ஹால் ஒரு வேலை கொடுத்தார். காலால் அழுத்தினால் நேர்ச் சாலையில் இறக்கை தட்டையாகும், விட்டால் வளைவில் நிமிரும். 1966இல்! எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்.

இப்போது கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் பத்து மடங்கு என்றால் அழுத்தம் நூறு மடங்கு. 210 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோ அழுத்துகிற நல்ல இறக்கை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 28 நிமிடம் 10 நொடி ஆகிறது. அதாவது மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்கு வேகம், நூறில் ஒரு பங்கு அழுத்தம். ஒரு கிலோ! டிக்கியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டாலும் அதே பலன். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் தாகத்துக்கும் ஆகும்.

அதைவிட வேடிக்கை, ஸ்விஃப்டை இழுப்பது முன் சக்கரங்கள். பின் சக்கரத்துக்கும் பின்னால் இறக்கை வைத்து அழுத்தினால், முன் சக்கரத்தின் மேல் இருக்கிற பாரம் கொஞ்சம் குறையும். பிடி எங்கே தேவையோ அங்கேதான் குறைகிறது.

சரி, சைலன்சர். தலையில் ஹெட்போன் இருந்தால் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

[ஒலி: கழற்றிய சைலன்சரோடு ஒரு புல்லட். பின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்.]

இரண்டும் ஊரை எழுப்பும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். உள்ளே இருக்கிற தடுப்பை எடுத்துவிட்டு வேறு எதையும் தொடாவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம், அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சாபம். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், அதில் கதையே வேறு. அங்கே புகை வெளியேற வால்வு இல்லை, சிலிண்டர் சுவரில் ஓர் ஓட்டைதான். எரிந்த புகை போகும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு நழுவிவிடும். சைலன்சர் குழாயைச் சரியான இடத்தில் விரித்து, சரியான இடத்தில் குறுக்கினால், குழாய்க்குள் போன அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வரும். பிஸ்டன் ஓட்டையை மூடும் கணத்துக்குச் சற்று முன்னால், நழுவிய கலவையைத் திரும்ப உள்ளே தள்ளும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பது இதுதான். ஓசி பவர்!

இதைச் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். இரண்டாம் உலகப் போரின்போது ராக்கெட் ஆயுத ஆராய்ச்சி நடந்த பீனமுண்டேவில் வேலை பார்த்தவர். காசில்லாத நாடு, பழைய பட்டறை. 1961இல் அவருடைய 125 சிசி ரேஸ் எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. ஒப்பிட்டுப் பாருங்கள், நாம் கொண்டாடுகிற ஆர்எக்ஸ் 100 வெறும் 11.

காடனுக்கு எர்ன்ஸ்ட் டெக்னர் என்று ஒரு ரேஸர். 1961இல் உலக சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயம், நடுவிலேயே எஞ்சின் படுத்துவிட்டது. டெக்னர் அப்படியே நழுவி டென்மார்க் பக்கம் போய்விட்டார். அவர் மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். அடுத்து அவர் சேர்ந்த இடம் சுசுகி. மறு வருடமே, 1962இல், சுசுகிக்கு முதல் உலக சாம்பியன் பட்டம், 50 சிசி பிரிவில். ஓட்டியவர் டெக்னர். காடனுக்கு எப்படி இருந்திருக்கும்! 1962இல் ஜப்பானின் சுசுகா தடத்தில் அவர் விழுந்த வளைவுக்கு இன்றும் டெக்னர் வளைவு என்றே பெயர். ஃபார்முலா ஒன் பார்க்கிறவர்களுக்கு அந்த வளைவு தெரியும், ஆளைத்தான் தெரியாது. ஸ்ரீராமபுரத்துச் சந்தில் ஆர்எக்ஸுக்குச் சேம்பர் மாட்டும் தம்பியை நான் வெத்துவேட்டு என்று சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

எனக்கு உண்மையில் கோபம் கம்பெனிகள் மேல். ஸ்டிக்கர் ஒட்டுகிற பையனைச் சிரிக்கிறோம். 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 கேபினுக்குள் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தது. அதை ஏன் டெக்னாலஜி என்கிறோம்? 2017 ஹோண்டா சிவிக் டைப் ஆர் நுர்பர்க்ரிங்கில் முன்சக்கர இழுவைக் கார்களின் சாதனையை 7 நிமிடம் 43.8 நொடியில் முறியடித்த நிஜமான சூரன். அதன் பின் பம்பரிலும் பெரிய பெரிய காற்றுத் துளைகள். தொட்டுப் பார்த்தால் மூடிய பிளாஸ்டிக். நிறைகுடம் ஏன் தளும்ப வேண்டும்? 1990களின் மெர்சிடீஸ் 500ஈ போர்ஷே தொழிற்சாலையில் சேர்த்துக் கட்டிய வி8 வண்டி. பார்த்தால் சாதாரண ஆபீஸ் கார் மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்த ரகம் அதுதான்.

ஜே.சி. ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எஸ்.பி. ரோடு. அங்கே இதே வியாதி கம்ப்யூட்டருக்கு. வானவில் லைட் போட்ட ரேம், கேமில் ஒரு ஃபிரேம்கூடக் கூடாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பயன்படுத்துகிறவர்கள் டெஸ்க்டாப்பை அலங்கரிப்பதைப் பெருமையாகவே 'ரைசிங்' என்கிறார்கள். அவர்களில் ஜென்டூ என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துகிற சிலர், வேகம் கூடும் என்று எல்லா மென்பொருளையும் விசேஷக் கட்டளைகளோடு ராத்திரி முழுக்கக் கம்பைல் செய்வார்கள், அதாவது மூல நிரலிலிருந்து தாங்களே உருவாக்கிக்கொள்வார்கள். காலையில் பிரவுசர் நேற்று போலவே திறக்கும்.

சட்டம், ஒரே மூச்சில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சைலன்சர்தான் முதலில் மாட்டும். போலீஸ் அவற்றை வரிசையாக வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிற வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஆர்எக்ஸ் சேம்பரும் அதில் அடக்கம், ரோலருக்கு டெக்னரைத் தெரியாது.

ரேஸ் தடத்தில் ஆர்எக்ஸ் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், சேம்பர் மாட்டியபின் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட் எத்தனை நம்பர் போட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கு எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும்.