தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு கடை தொறக்கணுமா? – சங்க விழாவுல நான் பேசுனது

மேடையில இருக்குற தலைவர் அவர்களே, செயலாளர் அக்கா அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே (எங்க காணோம், காபி கிட்ட நிக்கிறாரா? சரி, அங்கேர்ந்தே கேளுங்கண்ணே), பேரப்பிள்ளைங்கள பாக்க ஊர்லேர்ந்து வந்து முன்வரிசையில உக்காந்திருக்குற அப்பா அம்மாக்களே, மைக் செட் போட்டுக் குடுத்த தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேணாம், அந்தக் காச தமிழ்ப்பள்ளிக்குக் குடுங்கன்னு தலைவருக்கு மெயில் போட்டிருந்தேன், பாத்தாரா தெரியல, போத்திட்டாரு, நன்றி ஐயா.

தேங்க்ஸ்கிவிங், அதான் இங்க அமெரிக்காவுல நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை குடும்பமா கூடி நன்றி சொல்லி விருந்து சாப்பிடுற பண்டிகை, அன்னிக்கு கடை தொறக்கலாமா கூடாதா, இதான் தலைப்பு. மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு சரித்திரம், ரெண்டு கடையில வேல பாக்குறவங்க, மூணு ஆன்லைன்.

சரித்திரம் சட்டுனு முடிச்சிடுறேன். 1939ல நவம்பர் மாசத்துக்கு அஞ்சு வியாழன், அப்போ பண்டிகை வழக்கமா வர்ற கடைசி வியாழன் 30ஆம் தேதி வருது, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் பத்தாதுன்னு பெரிய கடைக்காரங்க அப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்கிட்ட முறையிட, அவரு பண்டிகையவே ஒரு வாரம் முன்னாடி இழுத்துட்டாரு. பாதி மாநிலம் 23ஆம் தேதி கொண்டாடுது, மீதி மாநிலம் 30ஆம் தேதின்னு நிக்குது, ஒரே கூத்து. 1941ல காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், சட்டம் போட்டு நாலாவது வியாழன்னு முடிவு பண்ணுச்சு. கல்லாப்பெட்டிக்காக பண்டிகைய நகர்த்துறது நேத்து வந்த பழக்கம் இல்லீங்க.

எங்க பாட்டி ஒரு பழமொழி சொல்லுவாங்க, "ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே". அடுத்தவன் வீட்டு நெய்யின்னா அள்ளி அள்ளி ஊத்தலாம். அடுத்தவன் லீவும் அப்படித்தான்.

சில வருஷம் முன்னாடி ஒரு தேங்க்ஸ்கிவிங், நண்பர் வீட்டுல கூடியிருந்தோம். அன்னிக்கு இங்க வழக்கமா செய்ற வான்கோழி நம்மாளு யாரு சாப்பிடுறா, பிரியாணிதான். தயிர்ப்பச்சடி கிண்ணம் காலியாகல, அதுக்குள்ள மச்சான் ஒருத்தர் பேப்பர்ல வந்த விளம்பரத்த விரிச்சாரு, டிவி பாதி விலை, சாயங்காலமே கடை தொறக்குறாங்க! அவ்ளோதான், பாத்திரம் கழுவுற வேலைய அப்படியே வீட்டம்மாங்க தலையில கட்டிட்டு (சிரிக்காதீங்க, இங்க பாதிப்பேர் அன்னிக்கு என் கூட வந்தவங்கதான்) ஆம்பளைங்க எல்லாம் ரெண்டு வண்டியில கிளம்புனோம். வெளிய குளிர்னா குளிரு, மூக்கு எங்க இருக்குன்னே தெரியல. முன்னாடி ஒரு அம்மா மடக்கு நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்காங்க, மச்சான் அவங்ககிட்ட போய் "நீங்களும் டிவிக்கா"ன்னு கேக்குறாரு, அவங்க முறைச்ச முறைப்புல பின்னாடியே வந்துட்டாரு. கதவு தொறந்துச்சு, ஓடுனோம், டிவி காலி. வெறுங்கையோட போனா வீட்டுல மானம் போயிடும்னு மச்சான் ஒரு வாஃபிள் மேக்கர் எடுத்தாரு. அது இன்னிக்கு வரைக்கும் பெட்டி பிரிக்கல.

பில் போட்ட பொண்ணோட பேட்ஜுல ஒரு குட்டி காகித வான்கோழி ஒட்டியிருந்துச்சு, சின்னப்புள்ள கையை வச்சு சுத்தி பென்சில்ல வரைவாங்களே, கட்டை விரல் தலை, மத்த விரல் இறக்கை, அது. யாரு செஞ்சதுன்னு கேட்டேன். "என் பையன், காலையில குடுத்தான், நான் வீட்டுக்குப் போறப்போ தூங்கிடுவான்"னுட்டு அடுத்த ஆள கூப்பிட்டுருச்சு. ஊரார் வீட்டு நெய்யே!

நர்ஸுங்க, போலீஸ்காரங்க அன்னிக்கு வேலைக்குப் போகலயான்னு கேப்பீங்க. ஐசியூவ மூட முடியாது சார், வாஃபிள் மேக்கர் வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும். எனக்குக் குடும்பம் கிடையாது, அன்னிக்கு வேலை செஞ்சு நாலு காசு பாக்குறேனேன்னு ஒரு ஸ்டூடண்ட் கேட்டா அது நியாயமான கேள்வி, அவங்களுக்கும் சேத்துதான் பேசுறேன். இந்த நாட்டுல தனியார் கம்பெனி பண்டிகைக்கு லீவு குடுக்கணும், இல்ல கூடுதல் சம்பளமாவது குடுக்கணும்னு மத்திய சட்டம் எதுவும் இல்ல. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெயின், இந்த மூணு மாநிலத்துல மட்டும் பெரிய கடைங்க அன்னிக்கு தொறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. 2020ல கொரோனா வந்தப்போ வால்மார்ட், டார்கெட் எல்லாம் அன்னிக்கு மூடுனாங்க, அதுக்கப்புறமும் மூடித்தான் வைக்கிறாங்க, சந்தோஷம். ஆனா அது முதலாளி மனசு வச்சது, மனசு மாறுனா ஷட்டர் ஏறிடும்.

அதனால நம்ம மாநிலத்துக்கும் ஒரு சட்டம் கேட்டு மனு எழுதியிருக்கோம். விருப்பம் இல்லாதவங்கள அன்னிக்கு வேலைக்குக் கூப்பிடக் கூடாது, வர்றவங்களுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், எழுதிக் குடுத்த ஷிஃப்ட கடைசி நேரத்துல மாத்தக் கூடாது. அக்கா சீட்டு நீட்டுறாங்க, நேரம் ஆச்சாம். ஆன்லைன் பத்தி அடுத்த கூட்டத்துல பேசுறேன், அது பெரிய கதை, குடோன்ல இருக்குறவங்களும் மனுஷங்கதான்.

மனு காபி டேபிள்ல இருக்கு, பொருளாளர் அண்ணன் பக்கத்துல. பேரும் ஜிப் கோடும் தெளிவா எழுதுங்க, தமிழ்ல கையெழுத்து போட்டாலும் செல்லும். மச்சான், நீங்கதான் மொதல்ல போடணும்.